ஐசியூ இல்லாத ஊர்ல பெரிய கட்டி ஆபரேஷன்: எதை விட்டுக்குடுக்கலாம், எதை விட்டுக்குடுக்கவே கூடாது

நீங்க சர்ஜரி பிஜி, தாடையில தலை சைஸுக்கு வளர்ந்த கட்டியை ஒரு மிஷன் டீம் (வசதி குறைஞ்ச ஊர்களுக்குப் போய் ஆபரேஷன் பண்ற வெளியூர் டீம்) எடுக்குற வீடியோ பார்த்திருக்கீங்க, சிடி, ஐசியூ, பிளட் பேங்க் இல்லாத இடத்துல இதெல்லாம் எப்படி முடியுது, நானும் ஒரு நாள் போகணும்னா என்ன கத்துக்கணும்னு கேட்டிருக்கீங்க. வசதி குறையும்போது எதை விட்டுக்குடுக்கலாம், எதை விட்டுக்குடுத்தா நோயாளி செத்துப்போவார், இதுதான் நீங்க கேக்க வர்றதுன்னு எடுத்துக்குறேன். நான் சர்ஜன் இல்ல, மயக்க மருந்து டாக்டர். பல வருஷமா இந்த மாதிரி டீம்களோட போயிட்டு வர்றேன், பெரும்பாலும் தலை, கழுத்து கட்டிகள். அதனால மூச்சு, ரத்தம், ராத்திரி வார்டு பத்தி உறுதியா சொல்வேன், வெட்டுற விஷயத்தை தலைமாட்டுல நின்னு பார்த்த அளவுக்குத்தான் சொல்ல முடியும், அதை அப்படியே எடுத்துக்கோங்க.

முதல்ல அந்த வீடியோ. இப்படி சுத்துற வீடியோக்கள்ல நிறைய ஆஸ்பத்திரி கப்பல்ல எடுத்தது. மெர்சி ஷிப்ஸ் 1978-ல ஆரம்பிச்ச அமைப்பு, அவங்களோட குளோபல் மெர்சி கப்பல்ல 6 ஆபரேஷன் தியேட்டர், சிடி ஸ்கேன், லேப், ஐசியூ பெட் எல்லாம் இருக்கு, ரத்தம் வேணும்னா கப்பல்ல வேலை பாக்குறவங்களே வந்து குடுக்குறாங்க, ஒரு துறைமுகத்துல கிட்டத்தட்ட பத்து மாசம் நிக்குறாங்க. அங்க தியேட்டருக்குள்ள வசதிக்கு குறைச்சல் இல்ல. பெட்டியைத் தூக்கிட்டு பத்து நாளைக்கு ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போற டீமோட நிலைமை முழுக்க வேற. கப்பல்ல முடிஞ்சதைப் பார்த்துட்டு இங்கயும் முடியும்னு கத்தியை எடுத்தா அங்கதான் உயிர் போகும். இப்படிப் போற டீம்களே தேவை இல்லைன்னு சொல்ல வரல, 2015-ல லான்செட் மருத்துவ இதழோட கமிஷன் போட்ட கணக்குப்படி உலகத்துல 500 கோடி பேருக்கு பாதுகாப்பான, கட்டுப்படியாகுற ஆபரேஷன் எட்டாக்கனி. கட்டி தலை சைஸுக்கு வளர்றதுக்கு காரணமே அது கோலிகுண்டு சைஸ்ல இருக்கும்போது எடுக்க ஆள் இல்லாததுதான்.

சாதாரணமா நாம ஆபரேஷனை முன்னாடில இருந்து பிளான் பண்ணுவோம், ஸ்கேன், பயாப்சி, இன்சிஷன், ரீகன்ஸ்ட்ரக்ஷன்னு. இங்க பின்னாடில இருந்து பிளான் பண்ணணும். டீம் கிளம்பிப் போன பத்தாவது நாள் ராத்திரி அந்த வார்டுல யார் இருப்பாங்க, அவங்க கையில என்ன இருக்கும், நோயாளி வீட்டுக்குப் போனா பக்கத்துல என்ன மாத்திரை கிடைக்கும், இதுக்கு பதில் தெரிஞ்ச பிறகுதான் எவ்வளவு வெட்டுறதுன்னே முடிவு பண்ண முடியும். தைராய்டை எடுத்துக்கோங்க. பெரிய சாதா காய்ட்டர், அதாவது புற்றுநோய் இல்லாத தைராய்டு வீக்கம், ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு, பெரிய சென்டர்ல இருந்தா மொத்தமா எடுத்துட்டு தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) எழுதிக் குடுத்துடுவோம். ஆனா அந்த மாத்திரை அவங்க வாழ்நாள் முழுக்க தினமும் வேணும், கூடவே பக்கத்துல ஒட்டியிருக்குற, கால்சியத்தைக் கட்டுப்படுத்துற பாராதைராய்டு சுரப்பி அடிபட்டா ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள கால்சியம் இறங்கி கை கால் இழுக்க ஆரம்பிக்கும், அது சரியாகலன்னா கால்சியமும் வைட்டமின் டி-யும் காலம் பூரா. ஆறு மணி நேரம் பஸ்ல போய் வாங்க வேண்டிய மாத்திரையை மூணாவது மாசம் நிறுத்திடுவாங்க, அது அவங்க தப்பு இல்ல. அதனால கொஞ்சம் சுரப்பியை விட்டுட்டு வர்றதுதான் அங்க நல்ல ஆபரேஷன், திரும்ப வளர வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சே விடுறோம். பரீட்சையில இப்படி எழுதினா மார்க் குறையலாம், அந்த அம்மாவுக்கு இதுதான் சரி.

அடுத்தது எந்த கட்டியை எடுக்குறது. தாடையில வர்ற பெரிய கட்டியில இந்த மாதிரி டீமுக்கு பொருத்தமானது அமிலோபிளாஸ்டோமா. புற்றுநோய் இல்ல, மெதுவா வளரும், முக்கால்வாசிக்கு மேல கீழ்த்தாடையில வரும், எலும்பைத் தின்னுக்கிட்டே போகும். சுத்தி ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்போட சேர்த்து எடுத்தா ரேடியோதெரபி, கீமோ எதுவும் வேண்டாம், ஆள் பெரும்பாலும் முழுசா பிழைச்சுடுவார். சுரண்டி மட்டும் எடுத்தா பெரும்பாலும் திரும்ப வந்துடும். சிடி இல்லன்னாலும் ஒரு நல்ல தாடை எக்ஸ்ரேவுல சோப்பு நுரை மாதிரி தெரியும், எல்லை ஓரளவு பிடிபடும். எலும்பை அறுக்க பவர் சா இல்லன்னா ஜிக்லி சா போதும், முறுக்கின கம்பிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி, கரண்ட் வேண்டாம், 1890கள்ல ஒரு இத்தாலிய பிரசவ டாக்டர் கண்டுபிடிச்சது, இன்னைக்கும் நல்லா அறுக்குது. மேல்தாடைக்கு இந்த தைரியம் செல்லாது, அங்க கண்ணுக்குழி, மண்டையோட்டு அடிப்பக்கம் எல்லாம் கட்டி எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சிடி இல்லாம சொல்லவே முடியாது.

இதே தாடை வீக்கம் ஒரு ஆறு வயசு குழந்தைக்கு, நாலு வாரத்துல திடீர்னு வந்தது, பல்லெல்லாம் ஆடுதுன்னா கத்தியை எடுக்கக் கூடாது. பர்கிட் லிம்போமாவா இருக்கலாம். உகாண்டாவுல வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் 1958-ல இதை எழுதினார், அவரே ஒரு சர்ஜன், ஆனா இதுக்கு வைத்தியம் கீமோ. ஒண்ணு ரெண்டு நாள்ல ரெட்டிப்பாகுற கட்டி அது, ஆபரேஷன்னு பத்து நாள் இழுத்தா குழந்தை கையை விட்டுப் போயிடும், சரியான நேரத்துல சைக்ளோபாஸ்பமைடுங்குற கீமோ மருந்து போனா வீக்கம் கண்ணெதிர்லயே கரையும். அதனால ஊசி போட்டு செல் எடுத்துப் பாக்காம குழந்தைங்க தாடையில கை வைக்குற டீமோட நான் போக மாட்டேன்.

மூணாவது வகைதான் மனசைப் பிசையும். வாய்ப் புற்றுநோய், கன்னத்தைத் துளைச்சு வெளிய வந்திருக்கும், கழுத்துல நெறி கட்டியிருக்கும். எடுக்க முடியும்னு சர்ஜன் சொல்வார், உண்மையிலேயே எடுக்க முடியும், ஆனா அதுக்கப்புறம் ரேடியோதெரபி வேணும், அந்த மெஷினே இல்லாத நாடுகள் ஆப்பிரிக்காவுல இன்னும் இருக்கு. பாதி வைத்தியம் பண்ணிட்டு வந்தா, அவருக்கு மிச்சம் இருந்த சில மாசமும் காயத்தோடயும் டியூபோடயும் போகும். இங்க முடியாதுன்னு சொல்லணும், அதை வாசல்ல நின்னு வேகமா சொல்லிட்டுப் போகக் கூடாது, உக்காந்து, அவங்க மொழி தெரிஞ்ச சிஸ்டரைப் பக்கத்துல வச்சு, வலிக்கு மார்ஃபின் சிரப் எங்க கிடைக்கும், புண்ணு நாத்தத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையை பொடி பண்ணி எப்படி போடுறதுன்னு சொல்லிக் குடுக்கணும். யாருக்கு ஆபரேஷன்னு தேர்ந்தெடுக்குற ஸ்கிரீனிங் நாள்ல இதுக்கு நேரம் ஒதுக்காத டீம்கள் இருக்கு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

இப்ப என் பக்கம், மூச்சுக்குழாய். பெரிய தாடை கட்டியில எனக்கு பெரிய பயம் ரத்தப்போக்கு இல்ல, மயக்க மருந்து உள்ள போன அடுத்த மூணு நிமிஷம்தான். ஒரு இளைஞர் வந்தார், கட்டி கீழ்த்தாடை முழுக்க, நாக்கைப் பின்னாடி தள்ளியிருந்துச்சு, எச்சில் துடைக்க ஒரு துண்டு கையிலயே இருக்கும். நான் எல்லார்கிட்டயும் முதல்ல கேக்குறது எப்படி படுத்துத் தூங்குறீங்கன்னுதான். அவர் பதில் சொல்லல, எழுந்து போய் சுவர் ஓரமா உக்காந்து, முழங்காலைக் கட்டிக்கிட்டு தலையை முன்னாடி சாய்ச்சுக் காமிச்சார். நிமிர்ந்து படுத்தா மூச்சு அடைக்கும்னு அர்த்தம், எந்த ஸ்கேனும் எனக்கு இதைவிட தெளிவா சொல்லியிருக்காது. அப்படிப்பட்டவரை தூங்க வச்சுட்டு டியூப் போட்டுக்கலாம்னு நினைக்கவே கூடாது. ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் (உள்ள பார்த்துக்கிட்டே டியூப் போட உதவுற வளையுற கருவி) இருந்தா முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா டியூப், இல்லன்னா உக்கார வச்சு, கழுத்துல மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு, முழிச்சிருக்கும்போதே டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்துல மூச்சுக்குழாயைத் திறந்து டியூப் வைக்குறது. அவருக்கு நாங்க அதைத்தான் பண்ணினோம், அவர் பாஷை பேசுற ஒரு சிஸ்டர் முழு நேரமும் கையைப் பிடிச்சுக்கிட்டு இப்ப அழுத்தும், இப்ப இருமல் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அந்த சிஸ்டர் இல்லாம அது நடந்திருக்காது. கெட்டமின்ங்குற மயக்க மருந்து குடுத்தா மூச்சு நிக்காதுல்ல, அதை வச்சு ஓட்டிடலாமேன்னு பிஜிக்கள் கேப்பாங்க. கெட்டமின் அருமையான மருந்து, நானும் தினமும் உபயோகிக்குறேன், ஆனா அது எச்சிலை அதிகமாக்கும், தொண்டைக்குக் கீழ இறங்குற ரத்தத்தைத் தடுக்காது, கட்டி அடைச்ச வழியை திறந்தும் விடாது.

ரத்தம் பத்தி கேட்டிருந்தீங்க. இது வெறும் கணக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி பேப்பர்ல போடணும். 45 கிலோ ஆளுக்கு உடம்புல ரத்தம் சுமார் 3150 மில்லி. ஹீமோகுளோபின் 9-ல ஆரம்பிச்சு 7 வரைக்கும் இறங்க விடலாம்னு வச்சா, 700 மில்லி போற வரைக்கும்தான் தாங்கும். அதே ஆள் 12-ல ஆரம்பிச்சா 1300 மில்லி வரைக்கும் போகலாம். கிட்டத்தட்ட ரெட்டிப்பு, அதுக்கு ஆகுற செலவு ஒரு மாசத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும், பூச்சி மாத்திரையும், டியூப் வழியாவாவது நல்ல சாப்பாடும். தாடை கட்டி உள்ளவங்க வருஷக்கணக்கா கஞ்சி மாதிரிதான் குடிச்சிருப்பாங்க, எலும்பும் தோலுமா வருவாங்க, அவங்களுக்கு திடீர்னு நிறைய சாப்பாடு குடுத்தாலும் ரத்தத்துல பாஸ்பேட் இறங்கி இதயம் தடுமாறும், சாப்பாட்டை மெதுவா கூட்டணும். அதனால நல்ல டீம்கள் ஒரு மாசம் முன்னாடியே உள்ளூர் டாக்டர்கிட்ட பட்டியல் வாங்கி மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லிடும். தியேட்டர்ல செய்யுறது இதுக்கு அடுத்துதான், ஆனா அதுவும் முக்கியம்: தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைக்குறது, வெட்டுற இடத்துல 2 லட்சத்துக்கு 1 அட்ரினலின், ஆரம்பிக்கும் முன்ன ஒரு கிராம் டிரனெக்ஸாமிக் ஆசிட், தேவைப்பட்டா வெளிப்பக்க கரோடிட் தமனியைக் கட்டிட்டு ஆரம்பிக்குறது. டிரனெக்ஸாமிக் ஆசிட் ரத்தப்போக்கைக் குறைக்குதுன்னு 2022-ல வந்த பாய்ஸ்-3 ஆராய்ச்சி 9500-க்கும் மேல நோயாளிகள்ல காட்டுச்சு, விலையும் குறைவு, அதை எடுத்துட்டுப் போகாததுக்கு காரணமே இல்ல. குரூப் பொருந்துற சொந்தக்காரங்க ரெண்டு பேரை முந்தின நாளே டெஸ்ட் பண்ணி, எச்ஐவி, மஞ்சள் காமாலை, மலேரியா எல்லாம் பார்த்து தயாரா உக்கார வச்சுக்கணும். பிளட் பிரஷரை வேணும்னே இறக்கி வச்சு ரத்தப்போக்கைக் குறைக்குற முறை பத்தி கருத்து வேறுபாடு உண்டு, சரியான மானிட்டர் இல்லாம, ரத்தம் குறைஞ்ச ஆளுக்கு நான் அதை பண்றதில்ல, லேசா இறக்குறதோட நிறுத்திக்குவேன்.

ஆக்சிஜன்ல ஏமாந்துடாதீங்க. கான்சன்ட்ரேட்டர் (காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிக்குற மெஷின்) கரண்ட்ல ஓடுறது, கரண்ட் போச்சுன்னா அதுவும் நின்னுடும், ஜெனரேட்டர் எடுக்குற வரைக்கும் பக்கத்துல ஒரு ஃபுல் சிலிண்டர், சாவி அதுலயே கட்டி, காலையில திறந்து பார்த்து வச்சிருக்கணும். டிராஓவர் மெஷின் இருந்தா அழுத்தின கேஸ் இல்லாமலே சுத்தியிருக்குற காத்தை இழுத்து மயக்க மருந்தோட குடுக்கும், அதை ஓட்டத் தெரியாம போகாதீங்க. காலால மிதிக்குற சக்ஷன் (ரத்தம், சளி உறிஞ்சுற கருவி) ஒண்ணு டேபிளுக்கு அடியில இருக்கட்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இல்லாம ஒரு கேஸும் இல்ல, முடிஞ்சா கேப்னோகிராஃபும் (வெளிவிடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடைக் காட்டுற மானிட்டர்). உலக சுகாதார அமைப்போட சேஃப்டி செக்லிஸ்டை களைப்புல தாண்டிப் போற டீம்களைப் பார்த்திருக்கேன், அது 8 நகரத்து ஆஸ்பத்திரிகள்ல சோதிச்சு 2009-ல வெளியானப்ப சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8-க்கு இறங்கியிருந்துச்சு, அந்த எட்டுல தான்சானியாவோட இஃபாகரா மாதிரி சின்ன ஊரும் ஒண்ணு. அதுக்கப்புறம் வேற இடங்கள்ல அதே அளவு பலன் எப்பவும் கிடைக்கல, அதனால நம்பரை நான் பெருசா எடுத்துக்கல, ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாத வெளியூர் டீமும் உள்ளூர் டீமும் சேர்ந்து நிக்கும்போது பேர் சொல்லி ஆரம்பிக்குறது, பஞ்சு எண்ணுறது இதெல்லாம் கட்டாயம் வேணும்.

தாடையை எடுத்த பிறகு என்ன வைக்குறதுங்குறதுல சர்ஜன்களுக்குள்ளயே சண்டை. கால் எலும்பை ரத்தக்குழாயோட எடுத்து வச்சு தைக்குற ஃபிபுலா ஃப்ளாப் ரிசல்ட் அழகுல சிறந்தது, சில டீம்கள் மிஷன்லயே நல்லா பண்றாங்கன்னும் தெரியும். எனக்கு அதுல தயக்கம், காரணம் முதல் ரெண்டு நாள் மணிக்கு மணி யாராவது ஃப்ளாப்பைப் பார்க்கணும், அது கருத்துப் போச்சுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு திரும்ப தியேட்டர் திறக்கணும். டைட்டானியம் பிளேட் மட்டும் போட்டுட்டு, மூணு நாலு மாசம் கழிச்சு வாய்க்குள்ள திறக்காம கழுத்து வழியா இடுப்பெலும்புல இருந்து எடுத்த துண்டை (கிராஃப்ட்) வைக்குறது மெதுவான வழி, ஆனா எலும்பு எடுத்த இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்லா ஒட்டும், அதுக்கு மேல போகப் போக நம்ப முடியாது. அதுக்கு அதே டீம் திரும்ப வரணும், இல்ல உள்ளூர் சர்ஜன் பண்ணணும். வெறும் பிளேட்டை வருஷக்கணக்கா விட்டா உடையும், இல்ல தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும், முன்தாடையில இது அதிகம். இன்னொண்ணு, முன்தாடையை எடுத்தா நாக்கைப் பிடிச்சு வச்சிருக்குற தசைக்கு பிடிமானம் போயிடும், நாக்கு பின்னாடி விழுந்து மூச்சை அடைக்கும். பிளேட்ல நாக்குத் தசையை இழுத்துக் கட்டினாலும் டிரக்கியாஸ்டமியை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது.

அந்த டிரக்கியாஸ்டமிதான் ராத்திரி கேள்வி. நாப்பது பேருக்கு ஒரு சிஸ்டர் இருக்குற வார்டுல சளி கட்டியாகி டியூப் அடைச்சா, அவரால கத்தக்கூட முடியாது, குரலே வராது. உள்டியூப் உள்ள டிரக்கியாஸ்டமிதான் எடுத்துட்டுப் போகணும், அடைச்சா உள்டியூபை மட்டும் உருவி கழுவி மாட்டலாம். கூட வந்திருக்குற அண்ணனோ அம்மாவோ, அவங்களுக்கு முதல் நாள்ல இருந்தே சொல்லிக் குடுத்து, நம்ம முன்னாடி பல தடவை செய்ய வச்சுப் பார்க்கணும், பக்கத்துல ஒரு மணியோ தட்டுறதுக்கு ஒரு கிண்ணமோ வச்சிருக்கணும். டீம் தங்குற கடைசி மூணு நாலு நாள் புது பெரிய கேஸ் எதுவும் எடுக்காம ஹெர்னியா, லிப்போமா மாதிரி சின்னது மட்டும் பண்ணணும்னு நான் பிடிவாதமா இருப்பேன், பெரிய கேஸ் எல்லாம் முதல் நாள்கள்லயே முடியணும். வாசல்ல காத்திருக்குறவங்க முகத்தைப் பார்த்து இந்த விதியை மீறச் சொல்லி அழுத்தம் வரும், வருஷக்கணக்கா முகத்தை மூடிக்கிட்டு வாழ்ந்தவர் எதுக்கு வேணும்னாலும் சரின்னு கையெழுத்து போடுவார், அந்த சம்மதத்தை மட்டும் வச்சு முடிவெடுக்கக் கூடாது.

நீங்க என்ன கத்துக்கணும்னா, பிஜி முடிச்ச கையோட போகாதீங்க, கொஞ்ச வருஷம் உங்க கையால கேஸ் பண்ணுங்க, உங்க ஊர்ல பெரிய சென்டர்ல நீங்க தனியா பண்ணாத ஆபரேஷனை அங்க முதல் தடவையா பண்ணக் கூடாது, இதுல சமரசமே இல்ல. அவசர டிரக்கியாஸ்டமி, கரோடிட் கட்டுறது, மார்புத் தசையைத் திருப்பி ஓட்டையை மூடுற பெக்டோராலிஸ் மேஜர் ஃப்ளாப், டயதெர்மி (கரண்ட்ல சுட்டு ரத்தத்தை நிறுத்துற கருவி) இல்லாம நூல் போட்டு ரத்தத்தை நிறுத்துறது, இந்த நாலும் கைப்பழக்கமா இருக்கணும். பெக்டோராலிஸ் ஃப்ளாப் 1979-ல இருந்து இருக்குற பழைய முறைன்னு ஒதுக்காதீங்க, மைக்ராஸ்கோப் வேண்டாம், மார்புல இருந்து எட்டுற எந்த ஓட்டையையும் மூடும். அந்த நாட்டு மெடிக்கல் கவுன்சில்ல தற்காலிக ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாம கூட்டிட்டுப் போற டீமோட கிளம்பாதீங்க. உள்ளூர் சர்ஜனை டேபிள்ல எதிர்ல நிக்க வைக்காம ஓரமா வேடிக்கை பாக்க விடுற டீமும் வேண்டாம், அவர்தான் பத்தாவது நாள் ராத்திரி இருக்கப்போறவர். கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க நாடுகளுக்கான சர்ஜன்ஸ் காலேஜ் 1999-ல ஆரம்பிச்சு அங்கயே ஆளுங்களைத் தயார் பண்றாங்க, அவங்ககிட்ட படிச்சவங்க இருக்குற ஆஸ்பத்திரியா தேடிப் போனா நீங்களும் நிறைய கத்துக்கலாம்.

எடுத்த கட்டியை அது எவ்வளவு சாதாரணமா தெரிஞ்சாலும் தூக்கிப் போடாதீங்க, அளவுல பத்து மடங்கு ஃபார்மலின்ல போட்டு, லேபிளை பென்சில்ல எழுதுங்க, பேனா மை கரைஞ்சுடும். ரிப்போர்ட் வர்றதுக்குள்ள நீங்க ஊருக்கு வந்திருப்பீங்க, அதனால நோயாளியோட போன் நம்பரோட பக்கத்து வீட்டு நம்பரும் உள்ளூர் டாக்டர் நம்பரும் சேர்த்து வாங்கி வச்சுக்கோங்க, யார் அந்த ரிப்போர்ட்டைப் படிச்சு யார்கிட்ட சொல்லணும்னு பேர் போட்டு எழுதிடுங்க. நல்லா எடுத்தாலும் அமிலோபிளாஸ்டோமா பத்து வருஷம் கழிச்சும் சிலருக்கு திரும்ப வரலாம், வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே வேணும். எவ்வளவு எலும்பு எடுத்தீங்க, எந்த பிளேட், எந்த நரம்பை விட்டீங்க எதை வெட்டினீங்கன்னு ஒரு தாளில் தாடைப் படம் வரைஞ்சு, ஒரு காப்பி ஆஸ்பத்திரிக்கு, ஒரு காப்பி பிளாஸ்டிக் கவர்ல போட்டு அவங்க கையில குடுங்க, அடுத்து அவங்களைப் பாக்கப்போற டாக்டருக்கு கிடைக்கப்போற கேஸ் ஷீட் அநேகமா அது மட்டும்தான்.